தேசப்படம் காட்சியா, உரையா?

அறிவு பற்றிய வினாக்கள் விரிவுரை மண்டபத்திலேயே பிறக்கின்றன என்று எண்ணியிருந்தேன். சென்ற மார்கழியில் மட்டக்களப்பு வாவியின் கரையில், முழங்காலளவு நீரில் நின்றபொழுது அவ்வெண்ணம் மாறியது. நானும் என் வகுப்புத் தோழனும் பறக்கவிட்ட ஆளில்லாச் சிறுவிமானம், இன்று எல்லோரும் 'ட்ரோன்' என்று அழைப்பது, தரை என்று நாங்கள் நம்பிய இடத்தில் எங்கள் கண்முன்னேயே இறங்கி நீருள் மறைந்தது. அதைத் தரை என்று எங்களுக்குச் சொன்னது, கைத்தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்த தேசப்படம். அந்தப் படம் பொய் சொன்னதா, அன்றி நாங்கள்தான் அதைத் தவறாகக் கேட்டோமா என்பது இக்கட்டுரையின் முதல் வினா. அதனோடு பிணைந்து வந்த வேறொரு வினாவும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

கண்காட்சி ஒன்றிற்காக வாவியை மேலிருந்து படம்பிடிக்க வேண்டும் என்பது எங்கள் நோக்கம். ட்ரோன் தோழனின் அத்தானுக்குச் சொந்தமானது. அவர் திருமண வீடுகளில் படம்பிடிப்பவர். அதற்குரிய பதிவை அவர் முறையாகச் செய்திருந்தார். வலையிறவுப் பக்கத்து விமான ஓடுபாதை நாங்கள் நின்ற இடத்திலிருந்து வடக்கே வெகுதொலைவில் இருந்தது. உயர எல்லையை நாங்கள் தாண்டவில்லை. நாங்கள் அறிந்த விதி எதையும் மீறவில்லை என்பதை இங்கே சொல்லி வைப்பது அவசியம். விதியை மீறியிருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை, தண்டனைதான் உண்டு. விதி முடிந்த இடத்தில்தான் இந்த வினா தொடங்குகிறது.

மாத முடிவாகையால் இருவருடைய கைத்தொலைபேசியிலும் 'டேற்றா' தீர்ந்திருந்தது. ஆகவே முதல்நாள் இரவு விடுதியில் இருந்தபொழுதே வாவியின் அப்பகுதிக்குரிய செய்மதிப் படத்தை இறக்கிச் சேமித்துக்கொண்டோம். இணையம் இல்லாவிடின் விமானம் வழிதவறும் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், கருவி தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளும். அதற்கு இணையம் வேண்டியதில்லை. இணையம் தருவது பின்னால் விரியும் படத்தை மட்டுமே. அந்தப் படத்தை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டால் குறை எதுவும் இல்லை என்று தோன்றும். ஊர்ப்புறத்தில் ட்ரோன் பறக்கவிடுவோர் பலரும் செய்வது இதுவே. நல்ல பழக்கம் என்றும் சொல்வேன். கரை எது, வீதி எது, மின்கம்பிகள் எப்பக்கம் செல்லக்கூடும் என்று ஓரளவேனும் முன்னரே எண்ணிப் பார்க்க அது உதவுகிறது.

ஆயின் அத்திரையில் உண்மையில் இருப்பவை எவை? ஓர் அம்புக்குறி. அதன் கீழே ஒரு படம். அம்பு இக்கணத்திற்குரியது. விமானம் நகர நகர அது நகர்கிறது, காற்றுத் தள்ளினால் தானும் விலகுகிறது. படமோ என்றோ ஒரு நாள், ஏதோ ஒரு பருவத்தில், யாரோ எடுத்தது. இரண்டு வெவ்வேறு காலங்கள் ஒரே சட்டத்தினுள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அம்பு மெய்யாயிருப்பதனால் அதன் கீழுள்ள நிலமும் மெய்யென்று மனம் கொள்கிறது. உயிருள்ள ஒருவன் தோளில் கைபோட்டு நிற்பதனால் அருகில் இருப்பதும் உயிருள்ளதே என்று எண்ணிவிடும் மயக்கம் இது.

நம் முன்னோர் அறிவு வரும் வழிகளை 'அளவை' என்றனர். மணிமேகலை பத்து அளவைகளை எண்ணும். அதே காப்பியத்தில் பௌத்த நெறி கூறப்படும் இடத்தில் அவை இரண்டாகச் சுருங்கும். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் பலவற்றையும் சொல்லி, இறுதியில் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்குவார். கண்ணால் காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். பிறர் சொல்லக் கேட்டு அறிவது உரை. தேசப்படம் இம்மூன்றில் எது? கண்ணால் பார்ப்பதனால் காண்டல் என்று சொல்லத் தோன்றும். நாங்களும் அன்று அவ்வாறே கொண்டோம். "மச்சான், அந்தா திடல் தெரியுது" என்றான் தோழன். தெரிந்தது திடலன்று. திடல் இருக்கிறது என்று எவரோ சொன்ன சொல், பச்சை நிறத்தில் தெரிந்தது. தேசப்படம் காட்சியின் வேடம் பூண்ட உரை. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தவற்றில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றே.

உரையை ஏற்பதற்கு நிபந்தனை உண்டு. சித்தாந்திக்கு உரை என்பது முதன்மையாக இறைநூல். நியாய மரபினர் அதனை நம்பத்தகுந்த எவருடைய சொல்லுக்கும் விரித்தனர். பொருளை நேரே அறிந்தவனாகவும், அறிந்தவாறே சொல்ல விரும்புபவனாகவும் இருப்பவன் எவனோ அவனே ஆப்தன் என்றும், இவ்விலக்கணம் முனிவனுக்கும் மிலேச்சனுக்கும் பொதுவானது என்றும் வாத்ஸ்யாயனர் தமது உரையில் விளக்குகிறார். குலமும் கல்வியும் அங்கே கேட்கப்படவில்லை. நேரே அறிந்தாயா, மறைக்காமல் சொல்கிறாயா என்பனவே கேட்கப்படுகின்றன.

இந்த இரண்டு கேள்விகளையும் எம்முடைய படத்திடம் கேட்டுப் பார்க்கலாம். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அந்நியர் ஆட்சியில் அளந்தவன் சங்கிலியோடு நிலத்தில் நடந்தான். அவன் யாருக்காக அளந்தான் என்று கேட்கலாம், நேரே அறியவில்லை என்று கூற முடியாது. இன்றைய செய்மதிப் படத்தில் நடந்தவர் எவருமில்லை. மறைக்காமல் சொல்லும் விருப்பத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, இடங்காட்டும் செய்மதிகளை நடத்திய அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மழுங்கடித்து அனுப்பியது. நூறு மீற்றர் அளவுக்குப் பிழை ஏற்படும்படி அது அமைந்திருந்தது. ஜனாதிபதி கிளின்ரனின் ஆணையால் அத்தடை நீங்கியது. இன்று எமக்குக் கிடைக்கும் நுட்பம் ஒருவர் மனம் மாறியதால் கிடைத்தது. மனம் மீண்டும் மாறலாம். இதனால் அக்கருவியை நம்பக் கூடாது என்பதில்லை. சொல்லுக்குப் பின்னால் ஒரு சொல்லுபவன் இருக்கிறான் என்பதை மறக்கலாகாது.

இனி நிலத்துக்கு வருவோம். மட்டக்களப்பு என்ற பெயரிலேயே 'களப்பு' இருக்கிறது. சேறும் நீரும் புல்லும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் இடத்தின் பெயர் அது. தேசப்படம் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே ஒரு கோடு போடுகிறது. களப்பு என்ற சொல்லோ அப்படி ஒரு கோடு இல்லை என்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. கோடையில் ஆற்றுவாயை மணல் மூடிவிடும். மாரியில் நீர் பெருகி வயல்களும் வீடுகளும் மூழ்கும் நிலை வரும்பொழுது ஆற்றுவாயை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பின் வாவி வடியும். ஆகவே வாவிக்குக் கரை ஒன்றன்று. வெட்டுவதற்கு முந்திய கரை, வெட்டிய பிந்திய கரை, கோடைக் கரை என்று பல கரைகள் அதற்கு உண்டு. 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் செய்த மாற்றங்கள் தனி. எழுவான்கரை, படுவான்கரை என்று நம் மக்கள் சூரியனை வைத்துப் பெயரிட்டது எவ்வளவு அறிவுடைமை! சூரியன் எழும் பக்கமும் படும் பக்கமும் மாறுவதில்லை, கரைதான் மாறுகிறது.

மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் ஆட்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகை மக்கள் 'பாதை' என்றே அழைத்தனர். தேசப்படத்தில் பாதை என்றால் அசையாத கோடு. இங்கே பாதையே அசைகிறது, நாம் அதற்குக் காத்திருக்கிறோம். இது கட்டுரைக்கு வேண்டியதன்று, எனினும் சொல்லாமல் விட மனமில்லை.

நடந்தது இதுதான். எழுவான்கரையில் குருக்கள்மடத்தை அடுத்த ஓர் இடத்திலிருந்து விமானத்தை மேற்கு நோக்கிச் செலுத்தினோம். செல்லும்பொழுது வாடைக்காற்று அதனைத் தள்ளிச் சென்றது. மின்கலம் செலவானதே தெரியவில்லை. திருப்பியபொழுது அதே வாடை எதிர்த்து நின்றது. கரை வந்து சேராது என்பது தெளிவாயிற்று. கரைக்குச் சில நூறு மீற்றர் தொலைவில், படத்தில் பச்சையாக ஒரு திடல் இருந்தது. கமராவிலும் அவ்விடம் பச்சையாகவே தெரிந்தது. இறக்கினோம். அது நீரின் மேல் நுனிமட்டும் நீட்டிக்கொண்டிருந்த புல்.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். கமரா காட்டியது காண்டல். அது பொய்யன்று. புல்லைப் புல்லாகவே காட்டியது. புல்லின் கீழே தரை இருக்கிறது என்று நாங்கள் சேர்த்துக்கொண்டோம். சேர்த்தது படம் தந்த உரை. ஐயமும் திரிபும் நீங்கியதே மெய்யான காட்சி என்பர் நம் அளவை நூலார். எங்களுக்கு ஐயமே எழவில்லை. எழ வேண்டிய ஐயத்தைச் சேமித்து வைத்த படம் எழவிடாமல் தடுத்தது. தவறான செய்தியால் விளையும் தீங்கு ஒன்று. எதிரில் இருப்பதைக் காணவிடாமல் செய்யும் தீங்கு அதனினும் பெரிது.

அருகில் தோணியில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கேட்காமலேயே கோலூன்றிச் சென்று, புல்லுக்குள் தடவி, நீர் சொட்டச் சொட்ட அதை எடுத்து வந்தார். "மாரியில அது தண்ணிக்குள்ள போயிரும் மனே. கோடையில வந்தியெண்டா அதில மாடு நிக்கும். ஆரக் கேட்டு அங்க இறக்கின?" என்றார். கடைசி வாக்கியம் கடிந்ததாக இல்லை. வியப்பாகவே கேட்டார். நாங்கள் வந்திறங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரமாகியிருந்தது. அந்த ஒரு மணி நேரமும் அவர் அங்கேதான் இருந்தார். வாத்ஸ்யாயனர் கூறும் ஆப்தன் கூப்பிடு தூரத்தில் தோணியில் நிற்க, நாங்கள் முந்திய இரவின் சேமிப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வழி தெரியாதவன் ஊராரைக் கேட்பான். கேட்பதனால் அவனுக்கு வழி கிடைப்பதோடு, அவன் யார், எதற்கு வந்தான் என்பது ஊராருக்கும் தெரியவரும். படம் கையிலிருந்தால் முதலாவது கிடைத்துவிடுகிறது. அதனால் இரண்டாவது நடவாமலே போகிறது.

அவர் இன்னொன்றும் கேட்டார். நான் முன்னர் குறிப்பிட்ட வேறு வினா அதுவே. "இது வாவியப் பாத்ததா, எங்களப் பாத்ததா?"

வாவியைத்தான் என்றோம். உப்பு நீரில் இயந்திரம் பழுதாகிவிட்டது. அத்தானுக்குரிய கடன் இன்னமும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் பதிவு அட்டை பிழைத்திருந்தது. இரவு விடுதியில் அதைப் போட்டுப் பார்த்தோம். கரையோரமாக இரண்டு பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். ஒலி கேட்டதும் நிமிர்ந்து பார்த்தனர். ஒருத்தி மேலாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இருவரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றனர். விமானம் கடக்கும்வரை ஒரு கையும் நீரைத் தொடவில்லை. பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கண்டல் மரங்களுக்குள் சென்றுவிட்டனர். எங்கள் தேசப்படத்தில் அவ்விடம் வெறும் நீலம்.

லூயிஸ் கரோல் 1876இல் எழுதிய நகைச்சுவைக் கவிதை ஒன்றில், கப்பல் தலைவன் ஒருவன் ஒன்றுமே வரையாத வெற்றுக் கடற்படத்தை வாங்கி வருவான். எல்லோருக்கும் விளங்கும் படம் என்று மாலுமிகள் மகிழ்வர். சிரித்துவிட்டுப் போகலாம். ஆயின் நாங்கள் பறக்கப் புறப்பட்டது அத்தகைய படத்தோடுதான். நீலத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்பதை, அங்கே எவரும் இல்லை என்று படித்தோம். எவரும் இல்லையாகையால் எவரையும் கேட்க வேண்டியதில்லை என்றும் கொண்டோம். அறியாமை அனுமதியாக மாறியது இவ்வாறுதான்.

இப்பதிவைக் கண்காட்சியில் வைக்கலாமா என்பதில் எனக்கும் தோழனுக்கும் வாதம் நிகழ்ந்தது. அவன் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அந்த உயரத்தில் முகம் தெரியவில்லை, எவருக்கும் ஒரு கெடுதியும் விளையவில்லை, கல்லடிப் பாலத்தில் நின்றால் இதைவிடத் தெளிவாக மீனவரைப் பார்க்கலாமே, அதைத் தவறென்பார் உண்டோ என்றான். நான் இரண்டு நாள் யோசித்தே மறுமொழி சொன்னேன். 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் நிற்பவனைக் கீழே தோணியில் இருப்பவன் பார்க்கிறான். அவன் யாரென்று அடையாளம் காண்கிறான். விரும்பினால் கையசைக்கிறான், விரும்பாவிடின் ஏசுகிறான். அங்கே பார்வை இருபுறமும் செல்லும் பார்வை. ட்ரோனின் கீழ் நின்ற அப்பெண்களுக்கு, பார்ப்பவன் ஆணா பெண்ணா, அதிகாரியா, அந்நியனா என்பது தெரியாது. ஏசுவதற்குக்கூட அவர்களுக்கு ஆள் இல்லை. கெடுதி விளையவில்லை என்பதும் சரியன்று. அவர்களுடைய அன்றைய இறால் பிடிப்பை நாங்கள் நிறுத்திவிட்டோம். தலைக்கு மேலே எழும் ஒலியைக் கேட்டு நிமிரும் பழக்கம் இந்த வாவிக் கரையில் விளையாட்டாக வந்ததன்று. 2009இல் போர் முடிந்தபின் நினைவு தெரிந்த எங்களுக்கு அது வெறும் இரைச்சல். அவர்களுள் ஒருத்திக்கு என் தாயின் வயது இருக்கும்.

வாவியை அறிய இன்னொரு வழியும் இங்கே உண்டு. நிலவு நாளில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலிட்டு மறுமுனையைக் காதில் வைத்து, மீன் பாடுகிறதா என்று கேட்பார்கள். மேலே ஏறிப் பார்ப்பவனுக்கு அந்த ஒலி எக்காலத்திலும் கிடைக்காது. ஆயின் மேலிருந்து பார்ப்பதே தீது என்று நான் கூறவில்லை. ஆற்றுவாய் எந்த அளவுக்கு மூடியிருக்கிறது, வெள்ளம் எந்த வயலுக்குள் புகுந்திருக்கிறது என்பனவற்றை வானிலிருந்து விரைவில் அறியலாம். அந்த அறிவு மக்களுக்கே பயன்படும். ஆகவேதான் கேட்டுவிட்டுப் பறப்பதற்கும் கேளாமல் பறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

பதிவை அழித்தோம். தோழன் முழு மனத்தோடு அழித்தான் என்று சொல்ல மாட்டேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அங்கே சென்றோம், விமானம் இல்லாமல். பெரியவர் எங்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் நீலம் என்று கண்ட பரப்பில் ஏறக்குறைய நூறு யாருக்கு ஒரு பெயர் இருந்தது. பட்டுப்போன ஒரு கண்டல் மரத்தின் பெயர், சூறாவளி ஆண்டில் தோணியோடு போன ஒருவரின் பெயர், எந்த மாதத்தில் எந்த மீன் என்பதைச் சொல்லும் பெயர்கள். சில இடங்களில் அவர் கோலை ஊன்றிக் காட்டி ஆழத்தையும் சொன்னார். தோழன் உற்சாகம் மிகுந்தவனாய், எவரும் திருத்தி எழுதக்கூடிய பொதுத் தேசப்படம் ஒன்று இணையத்தில் உண்டு என்றும், இப்பெயர்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டால் உலகமே இந்த வாவியை அறியும் என்றும் அவருக்கு விளக்கினான். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. வெறும் நீலம் என்ற பழிக்கு அதைவிட நேரான பரிகாரம் எது?

அவர் சற்று நேரம் கோலைத் தள்ளினார். பிறகு, "எழுதினா எல்லாரும் வந்திருவான் மனே" என்றார்.

நாங்கள் எதிர்பார்த்த விடை இதுவன்று. வெற்றிடம் எப்பொழுதும் புறக்கணிப்பின் அடையாளம் என்றே நான் எண்ணியிருந்தேன். சில வெற்றிடங்கள் காவலாகவும் இருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றியதில்லை. பெயர் அறியப்படாத வரைதான் அந்த மடு அவருடைய பிள்ளைகளுக்கு மீன் தரும். உண்மையைப் பரப்புவது கடமை என்று கற்றவர்கள் நாங்கள். அந்த உண்மைக்கு உரியவர் வேண்டாம் என்கிறார். இவ்விரண்டில் எது மேலானது என்பதை என்னால் இன்னும் தீர்த்துச் சொல்ல இயலவில்லை. அறிவு எவருக்கும் தனியுடைமை அன்று என்ற கொள்கைக்கு வாவியில் வலை வீசாத ஒருவன் எளிதில் கையொப்பமிடலாம் என்பது மட்டும் உறுத்துகிறது.

கண்காட்சியில் அச்சடித்த செய்மதிப் படத்தையே வைத்தோம். அந்தப் பச்சைத் திடலின் மேல் 'மாரியில் நீர், கோடையில் தரை' என்று பேனாவால் எழுதியிருந்தோம். அதற்குப் பெரியவரின் சம்மதத்தைப் பெற்றிருந்தோம். பெயர்களில் ஒன்றையும் எழுதவில்லை. அவை தோழனின் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. இப்பொழுதும் இடைக்கிடை, ஒரு பெயரை மட்டுமாவது ஏற்றலாமா என்று அவன் கேட்கிறான். பெரியவரிடம் கேட்டுவிட்டு வா என்கிறேன். சென்ற மாதமும் போய்க் கேட்டிருக்கிறான். அவர் இறால் தந்து அனுப்பினார், விடை தரவில்லை.